எண்பதாவது அட்டை

டொலீடோ, ஒஹையோ
மார்ச் 4, 1974

திரு. டென்டன் அவர்களுக்கு,

பதினான்கு வருடமாக "பெரியவரே" என்று ஆரம்பித்துத்தான் பழக்கம். இன்றைக்குக் கை வரவில்லை.

உங்கள் பார்சல் சனிக்கிழமை வந்தது. அறுபது அட்டைகள். எண்ணிக்கை சரி. எண்ணிக்கை மட்டும்தான் சரி.

"1933-ஆம் வருடத்து பபிள்கம் பாக்கெட்டில் வந்த பேஸ்பால் வீரர் அட்டைகள் அறுபது. மடிப்பில்லை, கறையில்லை, முகம் பளிச்சென்று இருக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். சமையலறை மேசையில் துணி விரித்து, ஒவ்வொன்றாக விளக்கடியில் சாய்த்துப் பார்த்தேன். பதினொன்றில் குறுக்கே மடிப்பு. நான்கின் முதுகில் ஆல்பத்திலிருந்து பிய்த்த பசை. எல்லாவற்றுக்கும் மேலாக, பக் ஹென்லி. அந்த மனிதரின் மூக்குக்குக் கீழே எவனோ நீல மையில் மீசை வரைந்திருக்கிறான். சும்மா கோடு இல்லை, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை!

என் வீட்டுக்காரி டோலோரஸ் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஸ்டான், இவரா உன் பெரியவர்? இதை அனுப்பும்போது கண்ணை எங்க வச்சிருந்தாராம்?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடித் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்கிற அத்தனை பேருக்கும் உங்களைத் தெரியும். பார்த்ததில்லை, ஆனால் தெரியும். "ஆல்டூனாவில ஒரு சலூன்காரர் இருக்கார், அவர் நல்லா இருக்குன்னு சொன்னா அது புதுசுன்னு அர்த்தம்" என்று வாய் ஓயாமல் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பெயர் பெற்றவர் காத்திருப்பார், சின்னவன் முதலில் அனுப்புவான் என்பது தபாலில் அட்டை பரிமாறுகிற நம் ஆட்களின் வழக்கம். பதினான்கு வருடமும் நான்தான் முதலில் அனுப்பினேன். இந்த முறை நீங்களாகவே, "நான் முதலில் அனுப்புகிறேன், கிடைத்ததும் நீ உன் எம்மெட் சேய்ல்ஸ் அட்டையை அனுப்பு" என்று எழுதினீர்கள். எவ்வளவு பெரிய மரியாதை என்று அந்தக் கடிதத்தை வேலைக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். இப்போது யோசித்தால், கழித்துக் கட்ட வேண்டியதை அவசரமாக என் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

நம் மாத இதழின் கடைசிப் பக்கத்தில், "இவர்களோடு பரிமாற வேண்டாம்" என்று பெயர் போடுகிறார்களே, அந்தப் பக்கம் வேண்டும் என்று ஆசிரியரோடு மல்லுக்கு நின்றவர் நீங்கள். பதினைந்தாம் தேதிக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் உங்கள் பெயரை நானே எழுதி அனுப்புவேன். அதுவரை எம்மெட் சேய்ல்ஸ் என் இழுப்பறையை விட்டு நகர மாட்டார். கிளீவ்லாண்ட் வியாபாரி ஒருவன் அவருக்கு முந்நூறு டாலர் தருகிறேன் என்கிறான். அதையும் சொல்லி வைக்கிறேன்.

ஸ்டான் குபியாக்


ஆல்டூனா, பென்சில்வேனியா
மார்ச் 9, 1974

ஸ்டான்,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே. பேனா புதிது.

நீ சொல்கிற மடிப்புகள் மடிப்புகள் அல்ல. அந்த வருடத்துக் காகிதம் மட்டம், அச்சகத்திலேயே சுருக்கம் விழும். பசை பற்றிச் சொன்னாய், அது என் கவனத்துக்கு வரவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஹென்லி விஷயத்தில் நீதான் தவறு. ஹென்லிக்கு அந்த வருடம் மீசை இருந்தது. படத்தில் இருந்ததைத்தான் அச்சடித்திருக்கிறார்கள்.

முதலில் அனுப்பியதற்குக் காரணம் கேட்கிறாய். சொல்கிறேன். சிவப்பு லாந்தர் சிகரெட்டுக்காரர்கள் 1911-இல் பாக்கெட்டுக்குள் வைத்த எண்பது அட்டைகளையும் சேர்ப்பது என்று என் இருபதாவது வயதில் ஆரம்பித்தேன். அட்டைகளுக்கும் எனக்கும் ஒரே வயது. எழுபத்தொன்பது சேர்ந்துவிட்டது. பதினெட்டு வருடமாக எழுபத்தொன்பதுதான். சேய்ல்ஸ் வைத்திருக்கிற நான்கைந்து பேரில், கடிதம் போட்டால் பதில் எழுதுகிறவன் நீ ஒருவன்.

எண்பதையும் மேசை மேல் பரப்பி ஒரு தடவை பார்க்க வேண்டும். ஜூன் மாதத்துக்குள் பார்க்க வேண்டும். ஏன் ஜூன் என்று கேட்காதே. சலூனை மூடிவிட்டேன், முழங்கால் சரியில்லை. வேறு வேலை இல்லாததால் இந்த நினைப்பே பிடித்து ஆட்டுகிறது.

பிடிக்காத பதினைந்து அட்டைகளைத் திருப்பி அனுப்பு. பதிலுக்கு முப்பது அட்டை தருகிறேன். ஐம்பது என்றாலும் தருகிறேன். கிளீவ்லாண்ட் வியாபாரியிடம் போகாதே. கெஞ்சிப் பழக்கமில்லை எனக்கு. இதைக் கெஞ்சலாகவே எடுத்துக்கொள்.

ஆர்வில் டென்டன்


டொலீடோ
மார்ச் 14, 1974

பெரியவரே,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். போன தடவை கொஞ்சம் வார்த்தை விட்டுவிட்டேன். தொழிற்சாலையில் இரட்டை ஷிப்ட், உடம்பு சூடு, அதில் வந்த கோபம். மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

காகிதச் சுருக்கம் பற்றி நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கும். ஹென்லிக்கு மீசை இருந்திருக்கலாம். உங்களை விட எனக்கு என்ன தெரியும்? அறுபது அட்டைகளும் என்னிடமே இருக்கட்டும். எதையும் திருப்பி அனுப்பவில்லை, கூடுதலாகவும் எதுவும் வேண்டாம்.

சேய்ல்ஸை இன்று காலை பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, நூல் சுற்றி அனுப்பியிருக்கிறேன். ஜனவரியில் எழுதியபடியே இருக்கிறார், பச்சைப் பின்னணி, நான்கு மூலையும் கூர்மை. விரலால் தடவிப் பாருங்கள், குத்தும்.

ஆசிரியருக்கு எதுவும் எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். பேச்சு இதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். நெட்டி அம்மாவுக்கு அட்டைகளில் ஈடுபாடு கிடையாது என்று முன்பு ஒரு தடவை எழுதியிருந்தீர்கள். இப்போதும் அப்படித்தானா? உங்கள் ஊரில் அட்டை தெரிந்தவர்கள் யாராவது வந்து போவதுண்டா? சும்மாதான் கேட்டேன்.

என்றும் உங்கள்,
ஸ்டான்


ஆல்டூனா
மார்ச் 21, 1974

திரு. குபியாக் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல என் மனைவி நெட்டி எழுதுகிறாள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். பதினான்காம் தேதியே தெரியும்.

ஹென்லிக்கு மீசை கிடையாது. 1933-இல் அந்த வரிசையில் ஒருவனுக்கும் மீசை கிடையாது. எல்லாம் மழுமழுவென்று சிரைத்த முகங்கள். முப்பத்தெட்டு வருடம் சவரக் கத்தி பிடித்த எனக்கு அது தெரியாதா? உங்கள் கடிதத்தைப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் படித்தேன். மீசை என்று வந்ததும் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த அட்டையை அனுப்பும் முன் என் கையால் தூக்கிப் பார்த்தேன். எனக்கு மீசை தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ள மானம் இடம் கொடுக்கவில்லை. வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

பிட்ஸ்பர்க் டாக்டர் நவம்பரில் சொன்னார். கண்ணில் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது. எதைப் பார்த்தாலும் நடுவில் புகை, சுற்றிலும் கொஞ்சம் தெரியும். ஜூன் தாண்டினால் அதுவும் நிச்சயமில்லை. ஒரு வாடிக்கையாளரின் காதைக் கீறிய அன்று சலூனை மூடினேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

இது என் தவறு. கண் தெரியாதவன் "மடிப்பில்லை" என்று எழுதக் கூடாது. இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்குத் தெரிந்த எந்த மனிதனும், அந்தப் பதிலைப் படித்திருந்தால் "கிழவா, 1933-இல் ஏதடா மீசை?" என்று கத்தியிருப்பான். நீங்கள் இன்னும் பலமாகக் கத்தியிருப்பீர்கள். ஆனால் "இருந்திருக்கலாம்" என்று எழுதினீர்கள். நெட்டி அதைப் படித்துக் காட்டியபோது அந்த வரியிலேயே நிறுத்தச் சொன்னேன். இவன் கண்டுபிடித்துவிட்டான், ஆனாலும் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை சேய்ல்ஸ் வந்தார். மூலைகளைத் தடவினேன். குத்தின. பிறகு ஓரத்தைத் தடவினேன். அறுபத்து மூன்று வயது அட்டையின் ஓரம் மெத்தென்று இருக்கும், அழுக்கும் வியர்வையும் ஏறியிருக்கும். இதில் இரண்டு ஓரம் அப்படி இருந்தது. மற்ற இரண்டு புத்தம் புதிதாக வெட்டிய ஓரம். புதுச் சவர பிளேடு எப்படி வெட்டும் என்று என் விரலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எண்பதையும் ஒன்றாக அடுக்கி, மேசையில் தட்டி மட்டமாக்கி, மேலே கட்டைவிரலை ஓட்டினேன். எழுபத்தொன்பது அட்டை வரைக்கும் வழுக்கிக்கொண்டு போன விரல் ஓர் இடத்தில் பள்ளத்தில் இறங்கியது.

நெட்டி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு ஆர்வில்? அதான் வந்துருச்சே, சந்தோஷப்பட வேண்டியதுதானே?" என்று கேட்டாள். நான் அட்டைகளைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

ஒரு கேள்விதான். அது உங்களிடம் வரும்போதே வெட்டுப்பட்டு இருந்ததா, அல்லது நீங்கள் வெட்டினீர்களா? ஏப்ரல் ஐந்தாம் தேதி இதழின் கடைசிப் பக்கத்தை முடிக்கிறார்கள். அதற்குள் பதில் வரவேண்டும்.

ஆர்வில் டென்டன்

(நெட்டி எழுதுவது: இதை அவர் சொல்லவில்லை, நானாகச் சேர்க்கிறேன். அவர் மூன்று நாளாக அந்த அட்டைகளை மேசையில் பரப்பவே இல்லை. பெட்டியை மூடி வைத்துவிட்டு ரேடியோவைக் கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். இருக்கிற கொஞ்சம் வெளிச்சமும் வீணாகப் போகிறது. உங்களுக்கு மனசாட்சி இருந்தால் சீக்கிரம் எழுதுங்கள்.)


டொலீடோ
மார்ச் 27, 1974

பெரியவரே,

நான்தான் வெட்டினேன்.

இந்த ஒரு வரியை எழுத நான்கு நாள் ஆயிற்று. முதலில் "வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்று ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு, ஸ்டாம்பும் ஒட்டிவிட்டேன். டோலோரஸ் அதை எடுத்துப் படித்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தேன். "நீ வெட்டினப்போ நான் பின்னாலதான் நின்னேன் ஸ்டான். பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். ஸ்கேல் வச்சு பிளேடால இழுத்தியே, அந்தச் சத்தம் இன்னும் காதுலயே இருக்கு" என்றாள். கடிதத்தை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜனவரியில் நான்கு மூலையும் கூர்மை என்று நான் எழுதியதே பொய். மேல் வலது மூலை மழுங்கித்தான் இருந்தது. உங்களுடைய அறுபது அட்டைகளைப் பற்றிக் கேட்டதும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. அட்டையை நேரில் பார்த்தால் நீங்கள் என் தோலை உரித்துவிடுவீர்கள் என்று தெரியும். எப்படிச் சமாளிப்பது என்று தூங்காமல் கிடந்தபோதுதான் உங்கள் பார்சல் வந்தது. அதில் மடிப்பு, பசை, மீசை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அவர் தப்பு செய்துவிட்டார், இனி நான் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். அந்த முதல் கடிதத்தில் அவ்வளவு சத்தம் போட்டேனே, பாதி அதற்காகத்தான்.

பிறகு உங்கள் பதில் வந்தது. ஹென்லிக்கு மீசை. படித்ததும் புரிந்துவிட்டது. உங்களுக்குத் தெரியவில்லை என்று புரிந்ததும், ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும்? போனை எடுத்துப் பேச வேண்டும். அல்லது பஸ் ஏற வேண்டும். நான் பிளேடை எடுத்தேன். மழுங்கின மூலையை விரல் காட்டிக் கொடுத்துவிடும், வெட்டின ஓரத்தைக் கண்தானே கண்டுபிடிக்கும் என்று கணக்குப் போட்டேன். உங்களுக்குக் கண் இல்லையே. வீட்டில் அட்டை தெரிந்தவர் யாரும் உண்டா என்று வேறு கேட்டேன். அந்த வரியை நினைத்தால் எனக்கே என் மேல் அருவருப்பாக இருக்கிறது.

வெட்டின இரண்டு கீற்றுகளையும் தூக்கிப் போட மனம் வரவில்லை. தீப்பெட்டியில் வைத்திருந்தேன். இதோடு அனுப்புகிறேன். ஒன்று பக்கவாட்டு ஓரம், இன்னொன்று மேல் ஓரம். மேல் கீற்றின் நுனியில் அந்த மழுங்கின மூலை இருக்கிறது. உங்கள் அறுபது அட்டைகளையும் கட்டி வைத்திருக்கிறேன், சொன்னதும் அனுப்புகிறேன். எனக்கு அவை வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசிப் பக்கத்தில் என் பெயர் வேண்டாம், பெரியவரே. வேறு என்ன தண்டனை என்றாலும் கொடுங்கள். என் அட்டைகள் எல்லாவற்றையும் கேளுங்கள், தருகிறேன். எட்டு மணி நேரம் பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவன் நான். வெளியே என்னை யாரென்று யாருக்கும் தெரியாது. தபாலில் மட்டும்தான் நான் ஒரு ஆள். "டொலீடோ குபியாக், நம்பலாம்" என்று நாற்பது ஊரில் நாற்பது பேர் சொல்கிறார்கள். அது போய்விட்டால் எனக்கு வீட்டுக்கு வரும் கடிதம் மின்சாரக் கட்டணம் மட்டும்தான்.

கெஞ்சல்தான்.

ஸ்டான்


ஆல்டூனா
ஏப்ரல் 6, 1974

ஸ்டான்,

இதை நானே எழுதுகிறேன். நெட்டி ஒரு அட்டையில் வரிவரியாகச் சன்னல் வெட்டிக் கொடுத்திருக்கிறாள், அதைக் காகிதத்தின் மேல் வைத்துச் சன்னலுக்குள் எழுதுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள்.

ஆசிரியருக்கு நேற்றுத் தந்தி கொடுத்தேன். உன் பெயர் கடைசிப் பக்கத்தில் வரும்.

உடனே கிழித்துப் போடாதே, மேலே படி. உன் கடிதத்தை நெட்டி இரண்டு தடவை படித்துக் காட்டினாள். இரண்டாவது தடவை முடித்ததும், "விட்டுரு ஆர்வில். உண்மையத்தான் ஒத்துக்கிட்டாரே, பாவம்" என்றாள். எனக்கும் விட்டுவிட ஆசைதான். ஆனால் அந்தப் பக்கத்தை ஆரம்பித்தவன் நான். பதினொரு வருடத்தில் இருபத்தாறு பேரைப் போட்டிருக்கிறேன். அதில் எத்தனை பேர் உன்னை மாதிரிக் கெஞ்சினார்கள் என்று உனக்குத் தெரியாது. அவர்களில் ஒருவரையும் நான் விடவில்லை. தெரிந்தவன் என்பதற்காக உன்னை விட்டால் அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

அதே பக்கத்தில் என் பெயரையும் போடச் சொல்லியிருக்கிறேன். "ஆர்வில் டென்டன், ஆல்டூனா. பார்க்க முடியாத அட்டைகளைப் பார்த்ததாகச் சொல்லி அனுப்பினார்." ஆசிரியர் போன் செய்து, "ஏன் ஆர்வில், உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?" என்று கத்தினார். ஒரு எழுத்து மாறக் கூடாது என்று சொல்லி வைத்துவிட்டேன். பெயர்களை A, B, C வரிசையில் போடுவார்கள், K-க்கு முன்னால் D. ஆகவே உனக்கு மேலே நான்.

உன் கணக்கு ஒன்று தவறு. வெட்டின ஓரத்தை விரல்தான் கண்டுபிடிக்கும், கண் அல்ல. போன வருடம் என்னிடம் அனுப்பியிருந்தால், கண்ணை நம்பி ஏமாந்திருப்பேன்.

தீப்பெட்டி வந்த அன்று மாலை கீற்றுகளை எடுத்துச் சேய்ல்ஸின் ஓரத்தில் வைத்து நகர்த்தினேன். மேல் கீற்று உட்கார்ந்தது, பக்கக் கீற்றும் உட்கார்ந்தது. மேல் வலது மூலையில் விரலை வைத்தேன். நன்றாக மழுங்கித்தான் இருக்கிறது. ஜனவரியிலேயே "மூலை ஒன்று மழுங்கல்" என்று நீ எழுதியிருந்தால், அப்படியே வாங்கியிருப்பேன், முட்டாளே. பதினெட்டு வருடம் காத்திருந்தவன் ஒரு மூலைக்காகவா வேண்டாம் என்பேன்?

பிறகு எண்பதையும் பரப்பினேன். தலையைச் சாய்த்து ஓரக் கண்ணால் பார்த்தேன். பச்சை தெரிந்தது. முகம் தெரியவில்லை. சேய்ல்ஸ் எப்படி இருக்கிறார் என்று நெட்டியைக் கேட்டேன். "தொப்பி போட்டிருக்கார்" என்கிறாள். எண்பது பேரும்தான் தொப்பி போட்டிருக்கிறார்கள். அவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு விளக்கடியில் சாய்த்துப் பார்த்து, கண்ணில் பட்டதை எல்லாம் கோபமாகச் சொல்கிற ஒரு ஆள் வேண்டும்.

இதழ் இருபதாம் தேதி எல்லாருக்கும் போய்ச் சேரும். அதற்குப் பிறகு நாடு முழுக்க என்னோடு பரிமாறுகிறவன் எவனும் இருக்க மாட்டான், உன்னோடும் இருக்க மாட்டான். நம் இருவருக்கும் மிச்சம் நாம் இருவர்தான். பிட்ஸ்பர்க் வழியாக வருகிற சனிக்கிழமை பஸ்ஸில் ஏறு. ஹென்லியையும் கொண்டு வா, அந்த மீசையை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்தத் தடவை யாரும் முதலில் எதையும் அனுப்ப வேண்டாம். நீ நேரிலேயே வா.

ஆர்வில்